இலங்கையில இருந்து சென்னைக்குப் புதுசா வந்த எங்கட சனத்துக்கு: காசில்லாமல் எங்க போறது?

கேள்வி: வளசரவாக்கத்துக்கு வந்து நாலு மாசம், அக்கா. அகதிப் பதிவு அலுவல் இன்னும் இழுபடுது. இவர் விடிய வேலைக்குப் போனா இரவுதான் வாறார். நானும் பத்து வயசுப் பெடியனும் நாள் முழுக்க ஒரு அறைக்குள்ள. எங்கயாவது வெளிக்கிடுவமெண்டா ஏதோ பிழை செய்யிற மாதிரி இருக்கு.

பதில்: தங்கச்சி, உங்கட கடைசி வரியில இருந்து வாறன். நான் வந்தது 2008 முடிவில. அம்மா அப்ப சண்டை நடந்த வன்னிக்குள்ள. ஒருநாள் பெசன்ட் நகர் கடற்கரையில மாங்காய் போட்ட சுண்டலைக் கையில வாங்கினபடி அழுதனான், அங்க அவ பங்கருக்குள்ள, நான் இங்க சுண்டல் தின்னுறன் எண்டு. பிறகு ஒரு வருசம் அந்தப் பக்கமே போகேல்ல. அதால அம்மாவுக்கு ஒரு சதத்துக்கும் பிரயோசனமில்லை, என்ர நித்திரைதான் போச்சு. பதிவுக் கந்தோரில இருந்து கூப்பிடுவினமோ எண்டு போனைப் பாத்தபடி படுத்துக் கிடந்தா களைப்புத்தான் கூடும். கிழமையில ஒரு நாளைக் குறிச்சு வெளிக்கிடுங்கோ. பதிவுத் தாளின்ர பிரதி ஒண்டு எப்பவும் கைப்பையில இருக்கட்டும்.

முதல்ல கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். உள்ளுக்க போகக் காசில்லை. சின்னப் பிள்ளையளுக்கெண்டு தனிப் பகுதி இருக்கு, பெடியனை விட்டா வரமாட்டான். சித்திரை வெயிலுக்கு நாங்கள் ஏசிக்காகவே போறனாங்கள், அதில வெக்கமில்லை. எழும்பூரில கன்னிமாரா நூலகம் இருக்கு, 1896-ல திறந்தது. 1981-ல எரிஞ்ச எங்கட யாழ்ப்பாண நூலகத்தைக் கதையாக் கேட்டு வளர்ந்தவளுக்கு, முதல் நாள் அந்தப் படியில செருப்பைக் கழட்டோணும் போல இருந்தது.

கடலைப் பற்றி ஒண்டு கட்டாயம் சொல்லோணும். காரைநகர் கசூரினாவில இடுப்பளவு தண்ணியில கன தூரம் நடந்த பழக்கத்தில மெரினாவில இறங்கிப்போடாதேங்கோ. இங்க சட்டெண்டு ஆழம், திரும்புற அலை காலடி மண்ணோட சேத்து இழுக்கும். பொலிஸ் விசில் அடிக்கிறது சும்மா இல்லை. கால் நனைச்சாக் காணும்.

பெடியன்ர விளையாட்டுத்தான் கரைச்சல். என்ர மகனை ஒரு கிரிக்கெட் பயிற்சிக்குச் சேத்தனான். ஆறு மாசம் காசு வாங்கினவை, போட்டிக்குப் பேர் குடுக்கிற நேரம் ஆதார் கேட்டினம். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில கையெழுத்து வைக்கேல்ல, சரி. ஆனா 1992-ல சிறுவர் உரிமை உடன்படிக்கையில சேர்ந்தது, அதின்ர 31-ஆம் பிரிவு விளையாட்டை உரிமையெண்டுதான் சொல்லுது. இதை நெட்டுருப் பண்ணிக்கொண்டு போய் அந்தக் கோச்சிட்ட ஒப்புவிச்சன். பொறுமையாக் கேட்டுட்டு, "ஆதார் இல்லாம மேட்சுக்குப் பேர் குடுக்க முடியாதும்மா" எண்டார். மகன் பிறகு மாநகராட்சித் திடலுக்குப் போனான். அங்க ஒருத்தரும் அட்டை கேக்கேல்ல, பந்து இருக்கா எண்டுதான் கேட்டவங்கள். கரப்பந்து எண்டா இங்க விளங்காது, வாலிபால் எண்டு சொல்லச் சொல்லுங்கோ. அவன் கதைக்கிறதைக் கேட்டு "கேரளாவா?" எண்டும் கேப்பாங்கள். கோவிக்க வேண்டாம்.

உங்கட மனுசனுக்கு 304 எண்ட கடுதாசி விளையாட்டு, இங்கத்தச் சீட்டு, தெரியுமெல்லோ? பக்கத்து வீட்டில மலையாளி இருந்தா இன்னும் நல்லது. அவையின்ர 28-லயும் ஜாக்தான் பெரிசு, அடுத்தது ஒன்பது. 32 கடுதாசியையும் பரப்பி, ஜாக் 30, ஒன்பது 20 எண்டு கணக்குச் சொன்னா அரை மணித்தியாலத்தில பிடிச்சிடுவினம். காசு மட்டும் வைக்க வேண்டாம். சூதாட்டக் கேசில எங்கட ஆக்கள் மாட்டினா மற்ற எல்லா அலுவலும் சிக்கலாப் போயிடும்.

மார்கழியில கனக்க சபாக்களில காலமை, மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் இல்லை. ஒருமுறை பக்கத்தில இருந்த ஐயா ஒருத்தர் எந்த ஊர் எண்டார். யாழ்ப்பாணம் எண்டன். அவ்வளவுதான், எங்கட ஊர்த் தவில் வித்துவானை நினைச்சு "தெட்சணாமூர்த்தி தவில்!" எண்டு தொடையில தட்டத் தொடங்கினவர், மேடையில பாட்டு நடக்கிறதையே மறந்துட்டார். கன்டீனில கோப்பியும் அவர்தான் வாங்கித் தந்தவர்.

சொந்தக்காரர் ஆராவது கும்மிடிப்பூண்டி முகாமில இருந்தா சென்ட்ரலில லோக்கல் ரயில் எடுங்கோ. 2021-ல மறுவாழ்வு முகாம் எண்டு பேர் மாத்திட்டினம், ஆனா வழி கேக்கேக்க அகதி முகாம் எண்டாத்தான் இப்பவும் கையைக் காட்டுவினம். ஆக்களைக் கணக்கெடுக்கிற நாளா, உள்ளுக்க வர விடுவினமா எண்டு முதலே போனில கேட்டுட்டுப் போங்கோ.

ஞாயிறு நாலரைக்கு நான் பெசன்ட் நகர் மாதா கோயிலடியில நிப்பன். பெடியனுக்கு மாத்துடுப்பு ஒண்டு கொண்டு வாங்கோ. கால் மட்டும் நனைக்கிறன் எண்டுதான் எல்லாரும் தொடங்குறது.