ஒன்பதாவதுக்கு எந்தப் பள்ளி? எதை வச்சு எடைபோடுறது?

முக்கூடல்காரன்:
மகள் எட்டாவது முடிக்கா. ஆறாவதுல இருந்தே அரசு நடுநிலைப் பள்ளி, தமிழ் வழி. இனி ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி. இன்னொண்ணு சேரன்மகாதேவி போற வழியில அரசு உதவி பெறும் பள்ளி. பத்தாவதுல 100 சதவீதம்னு வாசல்ல பிளக்ஸ் கட்டியிருக்கு. அரசுப் பள்ளி 91. பிள்ளை டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்லுதா. எதைப் பார்த்து முடிவு பண்ண?

கணக்கு வாத்தியார்:
பிளக்ஸை விடுங்க அண்ணாச்சி. போன வருசம் ஒன்பதாவதுல எத்தனை பேர், இந்த வருசம் பத்தாவது எழுதினது எத்தனை பேர்னு ரெண்டு பள்ளியிலயும் கேளுங்க. 62 பேர் படிச்சு 48 பேர் எழுதியிருந்தா, மிச்சம் 14 பேர் எங்க? எட்டாவது வரைக்கும் எல்லாரும் ஏறி வந்துருவாங்க, வடிகட்டுறது ஒன்பதாவதுலதான். படிப்பு ஏறாத பிள்ளை கையில டி.சி.யைக் கொடுத்துட்டா நூறு தானா வந்துரும்.

அடுத்து, மொத்த மார்க்கைப் பார்க்காதீங்க, கணக்கை மட்டும் தனியாப் பாருங்க. அறிவியல்ல 25 செய்முறைக்குப் போயிரும், அதுல பெரும்பாலும் யாருக்கும் குறையாது. கணக்குல நூறும் எழுத்து. அதுலயும் வடிவியல் 8, வரைபடம் 8. சுமாரான பிள்ளைகளை இந்த 16-ஐயே திரும்பத் திரும்பப் போட வச்சுக் கரையேத்துவாங்க. அதுல தப்பில்ல. ஆனா பாதி வகுப்பு 35-க்கும் 45-க்கும் நடுவுல குவிஞ்சு கிடந்தா அங்க பாடம் நடக்கல, பாஸ் பண்ண வைக்கிறது மட்டும்தான் நடக்கு. அந்தக் கணக்கோட பிளஸ் ஒன் இயற்பியலுக்குப் போனா பிள்ளை திணறும்.

பாளை தங்கச்சி:
டாக்டர்னு சொன்ன பிறகு முதல்ல பார்க்க வேண்டியது, மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குன்னு ஒதுக்கின 7.5 சதவீத இடம். 2020-ல வந்த அந்த உள்ஒதுக்கீட்டுக்கு ஆறுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியிலேயே படிச்சிருக்கணும். உதவி பெறும் பள்ளி அதுல சேராது. இப்ப மாத்தினா, மூணு வருசம் அரசுப் பள்ளியில படிச்சது அந்தக் கணக்குல வீண். கல்லூரிக்குப் போற பெண்பிள்ளைகளுக்கு மாசாமாசம் தர்ற புதுமைப் பெண் 1,000 ரூபாய் அப்படியில்ல. 2024-ல இருந்து உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்ச பெண்பிள்ளைகளுக்கும் உண்டு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

அரசுப் பள்ளியில பயாலஜி குரூப் இருக்கான்னு மட்டும் கேட்டா போதாது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூணுக்கும் முதுகலை ஆசிரியர் நிரந்தரமா இருக்காங்களான்னு கேளுங்க. பணியிடம் காலியா இருந்தா பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமா தற்காலிகமா ஒருத்தர் வருவார். நல்லா நடத்துறவங்களும் உண்டுதான். ஆனா பாதி வருசத்துல ஆள் மாறிட்டா பாடம் தொங்கும்.

களக்காட்டான்:
சேர்க்கை நாள்ல போகாதீங்க, அன்னைக்கு எல்லாம் பளபளன்னுதான் இருக்கும். சாதாரண நாள்ல இடைவேளை நேரத்துக்குப் போங்க. பெண்பிள்ளைகள் கழிப்பறையில குழாயைத் திறந்தா தண்ணி வருதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கான்னு வீட்டம்மாவைப் பார்க்கச் சொல்லுங்க. லேப்ல பியூரெட், அதான் வேதியியல் செய்முறைக்கு அளவு போட்ட கண்ணாடிக் குழாய், கறை படிஞ்சிருந்தா நல்லது, புழக்கத்துல இருக்குன்னு அர்த்தம். கண்ணாடிச் சாமானெல்லாம் பெட்டியோட பீரோவுல பூட்டிக் கிடந்தா யோசிங்க.

நம்ம பக்கத்துல இன்னொண்ணும் பார்க்கணும்: பையன்கள் கையில சாதியைக் காட்டுற கலர் கலரான கயிறு. 2023-ல நாங்குநேரியில சாதிப் பகையில பள்ளி மாணவனை வெட்டின சம்பவத்துக்குப் பிறகு அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு அதைத் தடுக்கணும்னே பரிந்துரைச்சுது. மைதானத்துல தெருவாரியா கூட்டம் பிரிஞ்சு நிக்கான்னு கவனிங்க.

முக்கூடல்காரன்:
7.5 விசயம் தெரியாமப் போச்சு. கணக்கு மார்க் விவரம் கேட்டா தருவாங்களா?

கணக்கு வாத்தியார்:
அரசுப் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழுவுல பெற்றோர்தான் அதிகம், அவங்ககிட்ட கேளுங்க. இல்லேன்னா இப்ப பத்தாவது எழுதின நாலு பிள்ளைகளை அவங்க தெருவுலயே பிடிச்சு, கணக்குல எவ்வளவுன்னு கேட்டுப் பாருங்க. முதல் மார்க் வாங்கினவனை விட்டுருங்க, நடு பெஞ்ச் பிள்ளைகளா இருக்கட்டும்.