பால்கனிக்குத் துளசி ரகங்களைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

சென்னையில் கிழக்குப் பார்த்த பால்கனியிலும் மொட்டை மாடியிலும் சில ஆண்டுகளாகத் துளசி இனச் செடிகளை வளர்த்து வருகிறேன். புதிதாகத் தொடங்கும் பலர் விதைப் பொட்டலத்தின் மேலுள்ள படத்தைப் பார்த்தே ரகத்தை முடிவு செய்கிறார்கள். வீட்டில் எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது, எந்த மாதத்தில் விதைக்கிறோம், இலையை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பவற்றைப் பார்த்த பிறகு ரகத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் அனுபவம்.

பெரும்பாலோர் முதலில் விரும்புவது பெஸ்டோ என்னும் இத்தாலியப் பச்சைச் சட்னி அரைக்க உதவும் ஜெனோவீஸ் என்னும் இத்தாலியத் துளசியை. இத்தாலியின் லிகூரியா கடலோரத்தில் பெயர்பெற்ற இந்த வகைக்கு 2005ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் கிடைத்திருக்கிறது. மிதமான வெயிலில் பழகிய இச்செடி நம் கத்திரி வெயிலில் சீக்கிரமே பூங்கதிர் விட்டு, இலை சிறுத்து, கசக்கத் தொடங்கிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் டிசம்பரில் விதைத்தால் மார்ச் வரை உள்ளங்கை நிறைய மென்மையான இலைகளைப் பறிக்க முடிகிறது.

மழைக்காலத்தில் இதை வளர்ப்பவர்கள் இலையின் அடிப்புறத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மேற்புறத்தில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் பட்டைகள் தோன்றும்போது அதைச் சத்துக் குறைபாடு என்று எண்ணி உரம் வைப்பதுண்டு; ஆனால் அதே இலையைத் திருப்பினால், சாம்பலும் ஊதாவும் கலந்த மெல்லிய தூசி படிந்தது போல் தெரியும். இது அடிச்சாம்பல் நோய். இரவு முழுவதும் இலை ஈரமாக இருந்தாலே இது வேகமாகப் பரவும் என்பதால், தண்ணீரைக் காலையில் வேருக்கு மட்டும் ஊற்றுவதும், செடிப் பைகளை நெருக்கி வைக்காமல் காற்றோட்டம் விடுவதும் அவசியம். இந்நோயைத் தாங்கும் சில இத்தாலியத் துளசி ரகங்களை அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்டது. அத்தகைய விதை கிடைத்தால் அதற்கே முதலிடம் கொடுப்பேன்.

வெயில் அதிகமுள்ள மாடிக்கு என் முதல் தேர்வு திருநீற்றுப்பச்சிலை. தாவரவியலில் இதுவும் இத்தாலியத் துளசியும் ஒரே இனம்தான் என்பதும், சர்பத்திலும் பலூடாவிலும் போடும் சப்ஜா விதை இதனுடையதே என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மளிகைக் கடைச் சப்ஜாவையே ஈரமான தென்னை நார்க் கழிவின் மேல் தூவி, மெல்லிய மண் போர்வையால் மூடினால், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் முளைத்துவிடும். சட்னியில் சில இலைகளே போதும், அவ்வளவு கூர்மையான மணம். ஊதாத் தண்டுள்ள தாய்லாந்துத் துளசியும் வெயிலை நன்றாகத் தாங்குகிறது. அதன் சோம்பு மணம் சூடான குழம்பிலும் எளிதில் மங்குவதில்லை. எலுமிச்சைத் துளசி தேநீருக்கு ஏற்றது.

வீட்டு முற்றத்துத் துளசி வேறோர் இனம். அதில் கிராம்பின் மணத்தைத் தரும் யூஜினால் என்னும் வேதிப்பொருள் மிகுதியாக இருப்பதால் பெஸ்டோவுக்குப் பொருந்தாது. கஷாயத்துக்கும், தாய்லாந்து முறையில் பூண்டு மிளகாயுடன் வதக்கும் உணவுக்கும் அருமையாகப் பொருந்தும். கருந்துளசியை விரும்புபவர்கள் நல்ல வெயிலுள்ள இடத்தில் வைக்கவும். நிழலில் அதன் ஊதா நிறம் வெளிறிவிடுகிறது.

எந்த ரகமானாலும் மூன்று நான்கு இணை இலைகள் வந்தவுடன் ஒரு கணுவுக்குச் சற்று மேலே நுனியைக் கிள்ளிவிட வேண்டும். அந்தக் கணுவில் இருபுறமும் ஒளிந்திருக்கும் இரண்டு சிறு மொட்டுகள் சில நாட்களில் இரு கிளைகளாக நீளும். தனித்தனி இலையாகப் பறித்துக்கொண்டே இருந்தால் செடி ஒற்றைத் தண்டாக வளர்ந்து சாய்ந்துவிடும்.

விதை சேர்க்க நினைப்பவர்கள் திருநீற்றுப்பச்சிலை, தாய்லாந்து, ஜெனோவீஸ் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் பூக்க விட்டு, மற்றவற்றின் கதிர்களைக் கிள்ளிவிடுங்கள். ஒரே இனம் என்பதால் தேனீக்கள் இவற்றின் மகரந்தத்தைக் கலந்துவிடும். அடுத்த தலைமுறை நாற்றுகளில் ஒன்றன் தண்டு ஊதாவாகவும் மற்றொன்றன் தண்டு பச்சையாகவும் இருப்பதோடு, மணமும் செடிக்குச் செடி மாறுகிறது. முற்றத்துத் துளசி அருகில் பூத்திருந்தால் அதைத் தொட வேண்டியதில்லை.