மறு: டென்ட்ரிடிக் செல்லுக்குத் தமிழில் என்ன?

அன்பர்களுக்கு வணக்கம்.

நோய்த்தடுப்பியல் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டென்ட்ரிடிக் செல் (கிருமியின் கூறுகளைப் பிடித்து மற்ற நோய்த்தடுப்புச் செல்களுக்குக் காட்டும் செல்) என்ற இந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் முடிவாகாமல் ஒன்பது நாளாக வேலை நிற்கிறது.

குழுவில் நீங்கள் முன்வைத்த 'தருவணு' வேண்டாம் ஐயா. டென்ட்ரான் கிரேக்கத்தில் மரம், சரி. அதற்காக மரத்தைக் குறிக்கும், பேச்சில் இல்லாத 'தரு'வைக் கொண்டுவந்தால் மாணவர்கள் எதையோ தருகிற அணு என்றுதான் படிப்பார்கள். 'காட்டும் செல்' என்று வேலையை வைத்துப் பெயரிட்டாலும் நிற்காது. ஆன்டிஜெனை (நோய்த்தடுப்பு மண்டலம் அடையாளம் காணும் கூறு) டி செல் என்ற வெள்ளணுவுக்குக் காட்டுவதை மேக்ரோஃபேஜ், பி செல் என்ற மற்ற நோய்த்தடுப்புச் செல்களும்கூடச் செய்கின்றன. 1973இல் ஆய்வாளர்கள் ஸ்டைன்மனும் கோனும் சுண்டெலியின் மண்ணீரலில் பார்த்துப் பெயர் வைத்தபோது டென்ட்ரிடிக் செல்லின் வேலை தெரியாது, கைகால் நீட்டிய அந்த உருவம்தான் தெரிந்தது. நாமும் உருவத்தையே பிடித்துக்கொள்வோம்: கிளைச்செல்.

கிளை என்றால் சுற்றமும்தான், 'கிளைஞரை நீட்டி அளப்பதோர் கோல்' என்ற குறள் போல உடலுக்கு உறவு எது அயல் எது என்று டி செல்லுக்குப் பழக்குவதும் இந்தச் செல்தானே என்று ஒருவர் எழுதியது எனக்கு ரொம்பப் பிடித்தது. அப்புறம் கிளத்தல், கிளவியாக்கம் என்று சொல்லாராய்ச்சியில் நாலு மடல் போனது அதிகம்.

என் கவலை வேறு. நேற்று கரும்பலகையில் படம் வரைந்து கிளைச்செல் என்று எழுதியதும் முன்வரிசைப் பெண் ஒருத்தி, "தண்டுச் செல்லிலிருந்து கிளைத்து வருவதா மேடம்?" என்றாள். ஸ்டெம் செல்லை (மற்ற செல்கள் உருவாகும் மூலச் செல்) தண்டாக்கிய பிறகு அவள் வேறு எப்படி நினைப்பாள்? எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்லிலிருந்து இது பிறப்பதும் உண்மை என்பதால் திருத்துவது இன்னும் கடினமாகிவிட்டது. தண்டுச் செல்லைக் 'குருத்தணு' என்று மாற்றிவிடலாமா?

இன்னொன்று, டென்ட்ரிடிக் செல்லிலேயே பிளாஸ்மசைட்டாய்டு என்ற வகை. வைரஸ் நுழைந்தால் வைரஸை எதிர்க்கும் டைப் 1 இன்டர்ஃபெரான் புரதத்தை அள்ளிக் கொட்டுவது அதுதான். ஆனால் சும்மா இருக்கும்போது உருண்டையாக இருக்கும், கிளையே கிடையாது. 'உருண்டைக் கிளைச்செல்' என்று எழுத மனம் வரவில்லை.

யாழ்ப்பாண நண்பர் 'செல்'லையே ஏற்கவில்லை. அவர்கள் பாடநூலில் கலம்தான், அதனால் கிளைக்கலம் என்கிறார். குறிப்பு இங்குள்ள பிள்ளைகளுக்கு என்பதால் செல் என்றே விடுகிறேன், அவர் சொல்லை அடிக்குறிப்பில் போடுகிறேன்.

குழுவில் கருத்துச் சொன்ன ஏழு பேரில் நால்வர் கிளைச்செல் என்றதால் அதையே எழுதிவிட்டேன். பிளாஸ்மசைட்டாய்டுக்கு வியாழன் இரவுக்குள் யாராவது சொல் தந்தால் மாற்றலாம், இல்லையென்றால் ஒலிபெயர்ப்புதான்.