‘பை பை லவ்’: எவர்லி பிரதர்ஸில் மெட்டு யாருடைய குரலில்?

ஆறுதந்தி:
நானும் தம்பியும் எவர்லி பிரதர்ஸ் என்ற அமெரிக்க அண்ணன் தம்பி ஜோடியின் ‘பை பை லவ்’ பாட்டைப் பழகுகிறோம். தொடக்கத்தில் வரும் கிதாரைச் சாதாரண ஏ, சி, டி கார்டு பிடித்து வாசித்தால் சப்பென்று இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு குரலில் எது மெட்டு, எது துணை என்றே பிரிக்க முடியவில்லை. பாதிப் பாட்டில் தம்பி என் வரிக்கு வந்துவிடுகிறான். என்ன செய்யலாம்?

பழையரேடியோ:
கிதார் விஷயம் சுலபம். எவர்லி அண்ணன் டான் அதை ஓப்பன் ஜி ட்யூனிங்கில் வாசித்தார், அதாவது விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும்படி தந்திகளைச் சுருதி கூட்டி. தடித்த தந்தியிலிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி. 2-ஆம் கட்டத்தில் கேப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் விரலே வைக்காமல் ஏ கிடைக்கும். கேப்போவிலிருந்து 3-ஆம் கட்டத்தில் ஒரு விரலைக் குறுக்கே படுக்கவைத்தால் சி, 5-இல் டி. அந்த முரட்டு அதிர்வு இதில்தான் வரும். டான் அந்தத் தொடக்கத்தைத் தன்னுடைய வேறொரு பாட்டுக்காகப் போட்டு வைத்திருந்தார். ராக் அண்ட் ரோல் கலைஞர் போ டிட்லியின் கிதார் மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம்.

குரலுக்கு வருவோம். கீழ்க்குரல் டான், மேல்குரல் தம்பி ஃபில். மெட்டு டானுடையது. ஆனால் ஃபிலின் வரியைத் தனியாகப் பாடிப் பாருங்கள், அதுவும் முழுப் பாட்டாகவே நிற்கும். இந்தப் பாட்டை நான் இத்தனை காலம் கொண்டாடுவதே இதற்காகத்தான். சங்கராபரணம் தெரிந்தால் டான் ஸ பிடிக்கும்போது ஃபில் க, ரி-க்கு ம என்று மூன்றாம் சுரத்திலேயே கூட நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏ கார்டில் கீழ்க்குரல் ப-வில் நின்றால் மட்டும் கவனம். மேலே நி எடுத்தால் உரசும், மேல் ஸ-வுக்குப் போய்விட வேண்டும். தம்பி நழுவுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கும்.

தாளக்கட்டை:
இதை எல்லாரும் ராக் அண்ட் ரோல் என்றுதானே சொல்கிறார்கள்? கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை) கணக்கில் சேருமா?

பழையரேடியோ:
தாராளமாகச் சேரும். 1957-இல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம், பாப் பட்டியலில் 2-ஆம் இடம். எழுதியவர்கள் ஃபெலிஸ், பூட்லோ பிரையன்ட் தம்பதி. பலர் வேண்டாம் என்று தள்ளிய பாட்டு. பதிவு நாஷ்வில்லில், கூட வாசித்தவர் கிதார் கலைஞர் செட் அட்கின்ஸ். அப்போது டானுக்கு 20 வயது, ஃபிலுக்கு 18. அவர்கள் அப்பா ஐக் எவர்லி கென்டக்கிக்காரர், நல்ல கிதார் கை. பையன்கள் சின்ன வயதிலேயே அயோவா ரேடியோவில் குடும்பத்தோடு பாடியவர்கள். அண்ணன் தம்பி ஜோடியாகப் பாடுவது கன்ட்ரி இசையில் பழைய மரபு. டெல்மோர் பிரதர்ஸ், லூவின் பிரதர்ஸ் கேளுங்கள், இந்த மூன்றாம் சுர நடை எங்கிருந்து வந்தது என்று புரியும். தாளம்தான் புதுசு.

ஆறுதந்தி:
ஓப்பன் ஜி போட்டதும் அந்தச் சத்தம் அப்படியே வந்துவிட்டது, ரொம்ப நன்றி! தம்பிக்கு ஃபிலின் வரியை எப்படிச் சொல்லித் தருவது?

பழையரேடியோ:
முதலில் நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம். அவர் மேல் வரியைக் கிதாரோடு தனியாகப் பாடி, அதுதான் மெட்டு என்று மனதில் ஊறட்டும். அப்புறம் இருவரும் எதிரெதிரே நின்று, உங்கள் வாயைப் பார்த்தபடி அவர் பாடட்டும். சொல் தொடங்குவதும் முடிவதும் ஒன்றாக விழ வேண்டும். எவர்லி சகோதரர்கள் மேடையில் ஒரே மைக்கில் ஒட்டி நின்று பாடியவர்கள். ஹெட்ஃபோன் போட்டுப் பழகுவதானால் அதைக் கழற்றி வையுங்கள், ஒருவர் குரல் மற்றவருக்கு நேரே கேட்கட்டும்.