ஓவன் கல்லறைக்குப் போய் வந்தவர்கள் எழுதுங்கள்

பாரிஸ்வாசி:
போன நவம்பரில் வட பிரான்ஸில் இருக்கும் ஓர்ஸ் கிராமத்துக்குப் போனேன். முதல் உலகப் போரில் செத்த ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவனைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கல்தான் மனதை அரிக்கிறது. அதில் அவருடைய கவிதை வரியை அம்மா சூசன் பொறிக்கச் சொல்லியிருக்கிறார். கவிதையில் இரண்டு கேள்விகள்: இந்த உடல்களுக்கு உயிர் திரும்புமா? சாவே இல்லாமல் போகுமா? கல்லில் முதல் கேள்விக்குறி இருக்கிறது, இரண்டாவது இல்லை. சாவு இல்லாமல் போகும் என்றே ஆகிவிட்டது. கவிதையோ கடைசியில் இல்லை என்கிறது. குறி தேய்ந்துவிட்டதோ என்று மழைநீரை விரலால் வழித்துப் பார்த்தேன். வெட்டவே இல்லை. 25 வயதில் செத்தவன் சொல்லாததைச் சொல்ல வைத்தது தப்பு.

நெல்லைக்காரி:
தப்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 1918 நவம்பர் 4 அன்று ஓர்ஸ் பக்கத்துக் கால்வாயைச் சண்டைக்கு நடுவே கடக்கும்போது மகன் போய்விட்டான். தந்தி இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி வீட்டுக்கு 11ஆம் தேதி வருகிறது, வெளியே போர் முடிந்ததென்று கோயில் மணி அடிக்கிறது. 1920இல் அதே அம்மா தாகூருக்குக் கடிதம் எழுதினார். கடைசியாக வீட்டைவிட்டுப் போனபோது மகன் சொன்ன தாகூர் வரிகள் எந்தப் புத்தகத்தில் முழுதாக இருக்கின்றன என்று கேட்டு. என் தம்பி இறந்தபோது அவன் டைரி வரி ஒன்றைக் கருமாதிப் பத்திரிகையில் போட்டோம். 'எல்லாம் முடிந்தது' என்று முடியும். அம்மா அந்த இரண்டு வார்த்தையை மட்டும் பேனாவால் அடித்துக் கொடுத்தார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

வடக்குரயில்:
நான் முதலில் தப்பான கல்லறைக்குப் போய் அரைமணி நேரம் தேடினேன். போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஓர்ஸில் பிரிட்டிஷ் கல்லறை என்று தனியாக ஒன்று உண்டு, அங்கே ஓவன் இல்லை. ஊர்க்காரர்களின் கல்லறைக்குள்தான் இருக்கிறார். லு காத்தோ என்ற ஊர்ப் பக்கம்தான், அங்கிருந்து வண்டி பேசிக்கொள்ளுங்கள். வனக்காவலர் வீட்டை விட்டுவிடாதீர்கள். அக்டோபர் 31 அன்று அம்மாவுக்குக் கடைசிக் கடிதம் எழுதிய நிலவறை அங்கேதான். 2011 முதல் நினைவிடம், வெள்ளை வெளேரென்று இருக்கும். திறந்திருக்கும் நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் அதே கல்லறையில் ஜேம்ஸ் கிர்க்கையும் பாருங்கள். 21 வயது, ஓவனைப் போலவே மான்செஸ்டர் ரெஜிமென்ட், அதே காலை செத்தவர். பாலம் போடுகிறவர்களைக் காக்க இயந்திரத் துப்பாக்கியோடு தெப்பத்தில் தனியாகக் கால்வாயைக் கடந்து போய்ச் சுட்டவர்.

பாரிஸ்வாசி:
நெல்லைக்காரி அக்கா, தப்பு என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்விக்குறி இருந்திருக்க வேண்டும் என்றுதான் இன்னும் தோன்றுகிறது. கிர்க்கின் கல்லைத் தாண்டித்தான் நடந்திருப்பேன். பெயரைப் படிக்கவில்லை.