தராவா: படகுகள் பவளத்திட்டில் சிக்கியது கணக்குப் பிழையா, தெரிந்தே எடுத்த முடிவா?

கேள்வி:
1943 நவம்பர் 20, பசிபிக் கடலின் தராவா பவளத்தீவில் உள்ள பெட்டியோ தீவு. ஜப்பானியரிடமிருந்து அதைப் பிடிக்க வந்த அமெரிக்க மரீன் படையின் முதல் மூன்று வரிசைகள் கரையேறின. பின்னால் வந்த ஹிக்கின்ஸ் படகுகள் (வீரர்களைக் கரையிறக்கும் படகுகள்) பவளத்திட்டின் விளிம்பிலேயே நின்றுவிட, வீரர்கள் அரை கிலோமீட்டருக்கு மேல் மார்பளவுத் தண்ணீரில் நடந்து குண்டடி பட்டார்கள். ஓதக் கணக்கு (கடல்நீர் ஏறி இறங்கும் கணக்கு) யாருக்கும் தெரியாதா?

பதில் 1:
தெரியும். நம்பகமான ஓத அட்டவணைதான் கிடையாது. தீவுகளில் வாழ்ந்தவர்களைக் கேட்டபோது பெரும்பாலோர் திட்டின் மேல் ஐந்தடி தண்ணீர் இருக்கும் என்றார்கள். அவர்களில் மேஜர் ஹாலண்ட் மட்டும் மூன்றடிதான் என்று எச்சரித்தார். ஆள் ஏற்றிய ஹிக்கின்ஸ் படகுக்கு ஏறக்குறைய நான்கடி வேண்டும். தளபதி ஜூலியன் ஸ்மித், படகுகள் திட்டைத் தாண்டப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்று படையினரிடம் முன்பே சொல்லியிருந்தார்.

தேய்பிறை அரைநிலா நாட்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் குறைவு. கூடவே நிலா பூமிக்கு மிகத் தொலைவில் இருந்ததால் நீர் ஏறவே இல்லை. இந்த இரட்டைக் காரணத்தை 1987இல்தான் இயற்பியலாளர் டொனால்டு ஓல்சன் கணக்கிட்டுக் காட்டினார்.

பதில் 2:
ஓதத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். திட்டின் மேல் சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து ஏறக்கூடிய எல்விடி (நீரிலும் நிலத்திலும் ஓடும்) வண்டிகள் 125தான் இருந்தன. அவை முதல் மூன்று வரிசைகளுக்கே சரியாகிவிட்டன. திரும்பி வந்து திட்டு விளிம்பில் காத்திருப்பவர்களை ஏற்ற வேண்டும் என்பது திட்டம். ஆனால் சரக்கு ஏற்றச் செய்த மெல்லிய தகட்டு வண்டிகள் அவை. ஓட்டுநர் அறைக்குக் கொதிகலன் தகடு அடித்தும் போதவில்லை. பெரும்பாலானவை சண்டை முடிவதற்குள் செயலிழந்தன. நடந்து வந்தவர்களுக்கு இருந்த ஒரே மறைப்பு, நீண்ட படகுத்துறையின் மரத்தூண்கள்.

பதில் 3:
தரையிறங்குமுன் நடந்த குண்டுவீச்சையும் சேர்த்துப் பாருங்கள். ஏறத்தாழ 3,000 டன் குண்டுகள், மூன்று மணி நேரத்துக்கும் குறைவில். கப்பல்கள் கிட்டத்தில் நின்று தட்டையாகச் சுட்டதால் பல குண்டுகள் தாழ்வான பதுங்குகுழிகள் மேல் சறுக்கித் தெறித்தன. தென்னந்தடி அடுக்கி, மேலே மணல் குவித்த கூரை அதிர்வை விழுங்கிவிடும். உருப்படியான பலன் ஒன்று உண்டு: தரைமேல் ஓடிய தொலைபேசிக் கம்பிகள் அறுந்து, ஜப்பானியத் தளபதி ஷிபசாகியின் கட்டளை பல நிலைகளுக்குப் போய்ச் சேரவில்லை. பிறகு ஹவாயின் கஹோலாவே தீவில் இதே மாதிரி குழிகளைக் கட்டி, செங்குத்தாக விழும்படி சுட்டுப் பழகினார்கள்.

இன்னொன்று: பெட்டியோவின் எட்டு அங்குல பீரங்கிகள் சிங்கப்பூரில் கைப்பற்றியவை என்று இன்னும் எழுதுகிறார்கள். தவறு. ஜப்பான் 1905இல் பிரிட்டனிடம் விலைக்கு வாங்கிய விக்கர்ஸ் பீரங்கிகள் அவை.