எல்லோருக்கும் ஒரே சான்றிதழ்: சிறிய பட்டறைகளிலும் கடைகளிலும் நடக்கும் மருத்துவப் பரிசோதனை

அம்பத்தூரிலிருந்து ஒரு பிரஸ் ஷாப் உரிமையாளர்:

தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் 14 பேர் வேலை செய்யும், உலோகத் தகடுகளை அழுத்தி வெட்டி வடிவமைக்கும் ஒரு பவர் பிரஸ் பட்டறையை 22 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். 2019 இல், எங்களிடம் வாஷரும் பிராக்கெட்டும் வாங்கும் நிறுவனத்தார் ஆடிட்டுக்கு வருவதாகவும், தொழிலாளர்களின் மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டைக் கேட்பார்கள் என்றும் தெரிவித்தபோதுதான் இந்த விஷயமே எனக்கு உறைத்தது. மின்சாரத்தில் இயந்திரம் ஓட்டும் இடத்தில் 10 பேர் இருந்தாலே 1948 ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொழிற்சாலைதான் என்பதை, நம்முடையது சின்னப் பட்டறைதானே என்ற நினைப்பில் கண்டுகொள்ளாமலே இருந்திருக்கிறேன்.

யாரோ சொன்ன ஒரு பரிசோதனை நிலையத்திலிருந்து வேன் வந்தது. உயரம், எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, ஒரு எக்ஸ்ரே என்று இரண்டு மணி நேரத்தில் எல்லோரையும் பார்த்து முடித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வந்த 14 சான்றிதழ்களிலும் பெயரைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றுதான்: வேலைக்குத் தகுதியானவர். கணக்கு எழுதும் பெண்ணுக்கும் 60 டன் பிரஸ்ஸில் நிற்பவருக்கும் அதே தாள். ஆடிட்டர் புரட்டிப் பார்த்து டிக் போட்டார். நானும் கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

சில மாதம் கழித்து, 17 வருடமாக எங்களிடம் இருக்கும் மூத்த ஆப்பரேட்டரின் மனைவி ஒரு நாள் பட்டறைக்கு வந்திருந்தார். "பேத்தி காசு கேட்டால் இவர் காதைத் தொட்டுக் காட்டுகிறார், அண்ணா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டறைக்குள் நாங்கள் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம் என்பதால், ஒருவருக்குக் காது மந்தமாவதை அங்கே யாரும் கண்டுபிடிக்கவே முடியாது.

அவரோ பரிசோதனைக்கு வர மறுத்தார். காது போய்விட்டது என்று எழுதிவிட்டால் வேலையும் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தை நீக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. கடைசியில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) டிஸ்பென்சரியில் சீட்டு வாங்கி, கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இருக்கும் தொழில்சார் நோய் மையத்துக்குப் போனோம். ஆடியோமெட்ரி (காது கேட்கும் திறனை அளக்கும் சோதனை) தாளில் கோடு நேராகப் போய், ஒலியின் சுருதி 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் பள்ளத்தில் விழுந்து, 8000 இல் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. சத்தத்தால் கெட்ட காதுக்கு இந்தப் பள்ளம்தான் அடையாளம் என்று விளக்கிய மருத்துவர், முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "பக்கத்தில் நிற்கிறவரிடம் பேச வேண்டுமானால் கத்த வேண்டியிருக்கிறதா?" வேனில் வந்தவர்கள் யாரும் அவரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்றுகூடக் கேட்டிருக்கவில்லை.

மருத்துவ முகாம்களுக்குச் செல்லும் ஆடியோமெட்ரி டெக்னீசியன்:

ஐயா எழுதியதை நான் மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். காதுச் சோதனை சேர்க்கப்பட்ட முகாம்களிலும் அது ஒழுங்காக நடப்பது அரிது. ஒருமுறை கிண்டியில், வேனுக்கு வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்க, காலை ஷிப்ட்டின் நடுவில் ஆட்களை ஒவ்வொருவராக அனுப்பினார்கள். சத்தத்தில் வேலை செய்துவிட்டு நேராக வருகிறவரின் காது தற்காலிகமாக மந்தித்திருக்கும்; குறைந்தது 14 மணி நேரமாவது சத்தத்திலிருந்து விலகி இருந்த பிறகு சோதித்தால்தான் உண்மையான அளவு தெரியும். அதனால் வார விடுமுறைக்கு அடுத்த காலை, இயந்திரங்களைப் போடுவதற்கு முன்பாக வைத்துக்கொள்ளும்படி நான் எப்போதும் கெஞ்சுவேன். ஹெட்போனை மாட்டும் முன் காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதும் முக்கியம். அழுக்கு அடைத்துக்கொண்டிருந்தவரைச் செவிக்குறைபாடு உள்ளவர் என்று எழுதிக் கொடுத்த தாள்களை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, வேலையில் சேரும்போதே ஒரு ஆடியோகிராம் (காதுச் சோதனைத் தாள்) எடுத்து வைக்காவிட்டால் பிறகு எடுக்கும் எதையும் ஒப்பிட முடியாது. நம் நாட்டு விதிப்படி 8 மணி நேர வேலைக்குச் சத்தம் 90 டெசிபல் வரை இருக்கலாம், 95 ஆனால் 4 மணி நேரம்தான். இந்தக் கணக்கு தெரிந்த முதலாளிகளை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

குரோம் பிளேட்டிங் வேலையில் இருந்தவர்:

நான் அதிகம் எழுதப் போவதில்லை. ஆறு ஆண்டுகள் குரோம் முலாம் பூசும் தொட்டியில் வேலை பார்த்தேன். ஆண்டுதோறும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்தார்கள், இரண்டும் சரியாகவே இருந்தன. மூச்சு விடும்போது மூக்கில் மெலிதாக விசில் சத்தம் வருவதை என் தம்பிதான் கவனித்தான். காது மூக்கு தொண்டை மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மூக்கின் நடுத்தண்டில் துளை விழுந்திருப்பதாகச் சொன்னார். வலியே இருந்ததில்லை. தொட்டியிலிருந்து எழும் குரோமியப் புகைமூட்டம் செய்யும் வேலை அது. குரோம் புண் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்த 29 தொழில்சார் நோய்களில் ஒன்று என்பதைப் பிறகுதான் அறிந்தேன். டார்ச் அடித்து மூக்கைப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா?

தியாகராய நகரிலிருந்து, ஜவுளிக்கடையில் பணிபுரியும் பெண்:

தொழிற்சாலை பற்றியே பேசுகிறீர்கள், கடைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு கொண்டுவந்த பிறகு எங்கள் தளத்திலும் நான்கு ஸ்டூல்கள் வந்தன. ஆனால் வாடிக்கையாளர் இருக்கும்போது உட்காரக் கூடாது என்பது எழுதாத விதி, ஆடி மாதத்தில் வாடிக்கையாளர் இல்லாத நேரமே கிடையாது. கடையில் நடந்த பரிசோதனையில் என் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்ததோடு சரி. பிறகு எங்கள் பகுதி நகர்ப்புற சுகாதார நிலையத்தில் வேறு எதற்கோ போயிருந்தபோது, நர்ஸ் அக்கா என் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கச் சொல்லி, முன்காலில் கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டார். கழிவறை இரண்டு தளம் கீழே இருப்பதால் குடிப்பதில்லை என்றேன். அடிக்கடி வந்துகொண்டிருந்த நீர்க்கடுப்புக்கும் அதுவே காரணம் என்று அன்றுதான் தெரிந்தது.

அம்பத்தூர் உரிமையாளர் மீண்டும்:

காது கெட்டவருக்கு உதவித்தொகை உண்டா என்று சிலர் தனியாகக் கேட்டதால் எழுதுகிறேன். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சத்தத்தால் வரும் செவிக்குறைபாடு தொழில்சார் நோயாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அந்த வேலையில் தொடர்ந்து 6 மாதம் இருந்திருந்தால் அது வேலையால் வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். மருத்துவ வாரியம் இழப்பின் விழுக்காட்டை நிர்ணயித்தால், வேலையில் தொடர்ந்தபடியே மாதாந்திர உதவித்தொகை பெறலாம். எங்கள் ஆப்பரேட்டரின் பயத்தைப் போக்கியது என் சமாதானங்கள் அல்ல, இந்தத் தகவல்தான்.

2025 நவம்பர் 21 இல் நடைமுறைக்கு வந்த, பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய புதிய சட்டத் தொகுப்பில் தொழிற்சாலைக்கான ஆட்களின் எண்ணிக்கை 20 ஆகிவிட்டதே, உனக்கு இனி என்ன கவலை என்று பக்கத்துப் பட்டறைக்காரர் கேட்டார். அதே தொகுப்பில் ஆண்டுக்கொரு முறை இலவசப் பரிசோதனை என்ற பேச்சும் இருக்கிறது என்று சொன்னேன். அவர் அந்தப் பக்கம் படிக்கவில்லை போலும்.

இப்போது எங்களிடம் ஆளுக்கொரு தாள் வேறாக இருக்கிறது. பிரஸ்ஸில் நிற்பவர்களுக்குக் காது, கிரைண்டிங் செய்பவருக்கு ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை, டெம்போ ஓட்டுபவருக்குக் கண். முழு விவரம் அவரவர் கைக்குப் போகிறது. என் கோப்பில் என்ன வேலை கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் இருக்கும். மூத்த ஆப்பரேட்டர் இன்ஸ்பெக்ஷன் மேஜைக்கு மாறிவிட்டார். அடுத்த சோதனை வரும் திங்கட்கிழமை காலை ஆறரைக்கு; கம்ப்ரஸரை எட்டு மணி வரை போட வேண்டாம் என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறேன்.